பிரித்துப் போட்டாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

மடிப்பாக்கத்தாள் கேட்டது:

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் 36 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். சங்கச் செயலாளர் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. வந்ததும் நான் கையில் எடுத்த முதல் வேலை குப்பை.

அதற்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது, ஜன்னல் இடுக்கில் எல்லாம் ஈரத் துணியைச் செருகிக்கொண்டு வீட்டுக்குள்ளே கிடந்தோம். என் மகனுக்கு வீசிங் உண்டு. ராத்திரி முழுக்க நெபுலைசரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே எரிகிற மலையில் எங்கள் வீட்டு வாழைப்பழத் தோலும் பால் கவரும் இருக்கும் என்ற நினைப்பு அன்றைக்கு வந்தது. அப்புறம் அது போகவே இல்லை.

இந்தப் பொங்கல் முடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காததற்கு நீல வாளி. நாப்கின், டயப்பர், பிளேடு, பழைய மாத்திரை எல்லாம் தனியாகத் தாளில் சுற்றி. இரண்டு மாதத்தில் 36-இல் 29 வீடுகள் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தன. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு 78 வயது. பால் கவரை வெட்டி, கழுவி, பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். காற்றடித்தால் வெள்ளையும் நீலமுமாக ஆடும்.

ஏப்ரலில் ஒரு நாள் முதல் மாடிக்காரர் தெருமுனையில் ஒரு வீடியோ எடுத்தார். எங்கள் பச்சை டிரம், நீல டிரம் இரண்டையும் ஒரே லாரியின் வாய்க்குள் கொட்டுகிறார்கள். அது வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்றே எல்லாம் முடிந்தது. இப்போது பிரித்துக் கொடுப்பது 11 வீடுகள். பாட்டி என்னிடம் கேட்டார், "ஏம்மா, நான் கழுவிக் காயவெச்சதையும் சோத்தோட சேர்த்தா கொட்டினாங்க?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மாநகராட்சி சரியாக எடுக்காதபோது நாங்கள் பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறதா? இருந்தால், நம்பிக்கை விட்டுப்போன 25 வீடுகளை எதைச் சொல்லித் திரும்பக் கூப்பிடுவது? கட்டடத்துக்குப் பின்னால் 30 அடிக்கு 8 அடி இடம் சும்மா கிடக்கிறது. உரக்குழி போடலாம் என்றால் "நாத்தம் வரும், எலி வரும்" என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் ஆய்வாளர்:

அம்மா, நான் வேறொரு மாநகராட்சியில் துப்புரவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பாட்டியின் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்விக்கு உள்ளே இருந்தவன் பதில் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் வீடியோவில் பார்த்தது காம்பாக்டர் லாரி. தெருத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்து, உள்ளே அழுத்திக் கட்டியாக்கிக் கொண்டுபோக வந்தது அது. அதற்குள் போனதை யாராலும் பிரிக்க முடியாது. வீடு வீடாக வருவது பேட்டரி வண்டி. அதில் தனித்தனித் தொட்டி இருக்கும். உங்கள் டிரம்கள் ஏன் பேட்டரி வண்டிக்குப் போகாமல் காம்பாக்டருக்குப் போயின என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது. பெரும்பாலும் காரணம் நேரம். வண்டி 6.30-க்கு வந்திருக்கும், உங்கள் வாட்ச்மேன் 8 மணிக்கு டிரம்மை வெளியே வைத்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் வருத்தப்படாதீர்கள். ஒரு தெருவில் பாதி வீடு பிரித்து, பாதி வீடு கலந்து கொடுத்தால், பச்சைத் தொட்டியில் எப்படியும் பிளாஸ்டிக் விழும். அதை மைக்ரோ கம்போஸ்ட் மையத்தில் (ஈரக் குப்பையை உரமாக்கும் சிறு மையம்) வாங்க மாட்டார்கள், திருப்பி அனுப்புவார்கள். ஒருமுறை திருப்பி வாங்கிய பணியாளர் அடுத்த நாள் எல்லாவற்றையும் லாரியிலேயே போட்டுவிடுவார். என் காலத்தில் ஒரு தள்ளுவண்டிக்கு 300 வீட்டுக்கு மேல். ஒரு வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றாலும் ஐந்து மணி நேரம். பல ஊர்களில் ஒப்பந்தம் எடைக்கு இவ்வளவு என்று இருந்தது. எடைக்குக் காசு என்றால் ஈரக் குப்பை குறைவதில் யாருக்கு அக்கறை வரும்? இதை மேலே எழுதி எழுதி நான் ஓய்ந்துபோனேன்.

பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். என் வார்டில் ஒரு பெண் பணியாளர், கலந்து கட்டிய ஒரு கறுப்புப் பையைக் கையால் பிரித்தார். சாம்பார் சாதத்துக்குள் உடைந்த டியூப்லைட். உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்தது. கையுறை போட்டுத்தான் இருந்தார். நான்தான் ஆட்டோ பிடித்து அழைத்துப் போனேன். தையல் போடும்போது அவர் கேட்டது, மீதி வீட்டுக் குப்பையை யார் எடுப்பார்கள் என்று. ஊசி குத்தினால் அதைவிட மோசம். ஆறு மாதம் வரை ரத்தப் பரிசோதனைக்குப் போய்ப் போய் வர வேண்டும், அதுவரை வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். லாரியில் என்ன நடந்தாலும், உங்கள் வாசலில் கண்ணாடியும் ஊசியும் தனியாக இருந்தால் ஒரு கை தப்புகிறது. இதை அந்த 25 வீட்டிலும் சொல்லுங்கள்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக்காரர் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் உள்ளாட்சி அதைப் பிரித்தே வாங்கிக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆகவே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சென்னை மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரம் காலையில் நீங்களே கீழே இறங்கி நின்று, வண்டியோடு வருகிறவரிடம் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வந்தால் அவருக்குச் சௌகரியம் என்று கேளுங்கள்.

இலைமூட்டை:

உரக்குழி பற்றி நான் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் 64 வீடுகள் எங்களுடையது. ஐந்தாவது ஆண்டு ஓடுகிறது. இன்றைக்கு ஈரக் குப்பையில் ஒரு கைப்பிடிகூட எங்கள் கேட்டைத் தாண்டுவதில்லை. லாரி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்கிற நிலைமை. உங்கள் பிரச்சினைக்கு நான் கண்ட விடை இதுதான் சகோதரி. வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். அது வெளியே போகாவிட்டால், மீதி இருப்பது நாறாது, ஈ மொய்க்காது, ஒரு வாரம் ஓரமாகக் கிடந்தாலும் கெடாது.

செங்கல் தொட்டி ஆறு கட்டினோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 4 அடி. செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள், காற்று போக. அந்த இடைவெளிக்கு உள்பக்கம் கோழிவலை, எலிக்காக. மேலே தகரக் கூரை. எங்களுக்கு நாளைக்குச் சுமார் 40 கிலோ வரும். ஒரு தொட்டி நிறைய 15 நாள். ஆறாவது நிறையும்போது முதல் தொட்டிக்கு மூன்று மாதம் ஆகியிருக்கும், அள்ளிச் சலித்துவிடலாம். உங்கள் 36 வீட்டுக்கு நாலு தொட்டி தாராளம். நீங்கள் சொல்லும் 30 அடியில் அதைக் கட்டி, பக்கத்தில் இலை மூட்டை அடுக்கவும் இடம் இருக்கும்.

ஒரு வாளி சமையலறைக் குப்பைக்கு ஒரு வாளி காய்ந்த இலை. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. காய்கறித் தோலும் மீந்த சோறும் ஈரமும் சத்தும். தனியாக விட்டால் அழுகும். சருகு அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டு நடுவில் காற்றுக்கு வழி விடும். முதல் தொட்டிக்குச் சாணிக் கரைசல் தெளித்தோம், இப்போது புளித்த மோர், அதுவும் எப்போதாவது. பழைய உரத்தில் ஒரு கூடை தூவினாலே போதும். நாலாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாது. உள்ளே 55, 60 டிகிரி ஓடும். மார்கழிக் காலையில் கிளறினால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வரும். அந்தச் சூட்டில் ஈ முட்டை, களை விதை எல்லாம் செத்துவிடும்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், இலை போடுங்கள். பிடிக்கவே நிற்காமல் பொலபொலவென்று கொட்டினால் தண்ணீர் தெளியுங்கள். பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். எங்கள் வீட்டில் இதைப் புட்டு மாவுப் பதம் என்போம். அதைச் சொன்னதும் தோட்டக்காரர் முதல் நாளே பிடித்துக்கொண்டார், படித்த எனக்குத்தான் நாளானது.

நாற்றம் வரும் என்பவர்கள் சொல்வது பொய்யில்லை. எங்களுக்கும் வந்தது. முதல் ஆண்டு ஐப்பசியில் எட்டு நாள் விடாத மழை. இலை தீர்ந்துபோனது. கீழே விழுந்திருந்த இலை எல்லாம் ஊறிச் சொதசொதவென்று இருந்தது, அதையே அள்ளிப் போட்டோம். மூன்றாம் நாள் அழுகிய முட்டை நாற்றம். இரண்டாம் மாடியில் பிள்ளை பெற்ற பெண் இருந்தாள், அவள் அம்மா இறங்கி வந்து அழாத குறையாகக் கேட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த வேதனை கொஞ்சமில்லை. உடனே தேங்காய் நார்க்கழிவுக் கட்டி வாங்கி உதிர்த்து, தொட்டி முழுவதையும் வெளியே இழுத்துக் கலந்து திரும்பப் போட்டோம். மூன்று நாளில் அடங்கியது.

அந்த ஆண்டிலிருந்து இலை சேமிப்பதுதான் எனக்கு முதல் வேலை. புங்க மரம் மாசி, பங்குனியில் கொட்டித் தீர்க்கும். வாதாமரம், வேம்பு, தூங்குமூஞ்சி எதுவும் ஆகும். தெருவில் கூட்டிக் குவித்து மூலையில் கொளுத்துகிறார்களே, அது விதிப்படியே தவறு. கொளுத்தும் முன்னால் போய்க் கேட்டு வாங்கி அரிசிச் சாக்கில் திணித்து வையுங்கள். மழைக்காலத்துக்கு நாங்கள் 120 மூட்டை வைக்கிறோம். உங்களுக்கு 70 வேண்டியிருக்கும்.

சாம்பல் நிறத்தில் தடித்த புழு வந்தால் பயந்து மருந்து அடித்துவிடாதீர்கள். அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு, நமக்கு வேலைக்காரன். மாங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டை, எலும்பு மக்க நாளாகும், சலிக்கும்போது எடுத்து அடுத்த தொட்டியில் போடுங்கள்.

பேப்பர் கடை:

வியாசர்பாடி பக்கம் பழைய பேப்பர் கடை, அப்பா காலத்திலிருந்து. பாட்டியின் பால் கவருக்காக எழுதுகிறேன்.

பால் கவர் நல்ல சரக்கு. கழுவிக் காயவைத்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்போம். மூலையை வெட்டும்போது முழுசாகத் துண்டாக்காமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் துண்டைப் பொறுக்கி எடுக்க யாராலும் ஆகாது. அட்டைப்பெட்டி, பேப்பர், தண்ணீர் பாட்டில், ஷாம்பூ டப்பா, இரும்பு, அலுமினியம் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஆனால் குழம்பு பட்ட பேப்பரும் நனைந்த அட்டையும் வந்தால், நாங்கள் விற்கிற இடத்தில் ஈரத்துக்கு என்று எடையில் கழித்துவிடுவார்கள், சில நேரம் மொத்த லோடையே வேண்டாம் என்பார்கள். சோறு கலந்தால் குப்பை, கலக்காவிட்டால் சரக்கு.

விலை போகாதது எது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, சாஷே. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டி வருகிறது, பிரிக்க முடியாது. அது கடைசியில் அரியலூர் மாதிரி சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகத்தான் போகும். தெர்மாகோல் தட்டு, எண்ணெய் ஊறிய பார்சல் கவர் இவற்றையும் நாங்கள் எடுப்பதில்லை. இதெல்லாம் வாங்கும்போதே குறைக்க வேண்டியது. தோசை மாவுக்கும் கறிக்கும் தூக்குப் போணி எடுத்துப் போகிற வீட்டு மூட்டை என் கையில் வந்தால் பார்த்ததும் சொல்லிவிடுவேன், அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் பொறுக்குகிறவர்கள் என் கடைக்கும் வருவார்கள். இங்கே குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025-இல் எங்கள் பகுதி மக்கள் கை கோர்த்து நின்றார்கள். ஊர்க் குப்பை முழுவதையும் இங்கே கொண்டுவந்து எரிக்கிறேன் என்றால் அதன் புகை எங்கள் பிள்ளைகளுக்கு. தெற்கே ஒரு கட்டடம் தன் ஈரக் குப்பையைத் தானே வைத்துக்கொள்கிறது என்று படித்தால் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது.

மூன்று நாலு கட்டடம் சேர்ந்து மாதம் இருமுறை என்றால் வண்டி அனுப்ப உங்கள் பக்கத்துக் கடைக்காரர்களும் சம்மதிப்பார்கள். ஒரு கட்டடத்துக்கு டீசல் கட்டுப்படியாகாது.

படகுத்துறை:

வேலை காரணமாகக் கேரளத்து ஆலப்புழையில் மூன்று ஆண்டு இருந்தேன். அந்த ஊர்க் குப்பை முழுவதும் சர்வோதயபுரம் என்ற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் பொறுக்க முடியாமல் லாரிகளை மறித்தார்கள். தெருவெல்லாம் குப்பை. 2012-இல் நகராட்சி, வீட்டுக்கு வீடு குழாய்க் கம்போஸ்ட் (குழாய்க்குள் போட்டு மக்கவைப்பது), சாண எரிவாயு மாதிரி சிறு கலன், வீட்டில் முடியாதவர்களுக்கு வார்டில் பொதுக் காற்றோட்டத் தொட்டி என்று வேலையைப் பிரித்துவிட்டது. அந்தப் பொதுத் தொட்டி, தும்பூர்முழியில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய முறை. இலைமூட்டை சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

நான் பார்த்த தொட்டிகள் கால்வாய் ஓரத்தில், ஆள் நடக்கிற இடத்தில் இருந்தன. சுவரில் படம் வரைந்து செடி வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் ஆள் நின்று, வாளியைத் திறந்து பார்த்து வாங்கினார். பிளாஸ்டிக் இருந்தால் வாங்க மாட்டார். உங்கள் தொட்டியைப் பின்னால் மறைவில் கட்டினாலும், வாசல் பக்கத்திலிருந்து பார்வை படுகிற மாதிரி கட்டுங்கள். பார்வை படாத இடத்தில் முதல் மாதமே யாராவது டயப்பரைப் போட்டுவிடுவார்கள்.

மடிப்பாக்கத்தாள் மீண்டும், ஏழு வாரம் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன், செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஆய்வாளர் ஐயா சொன்ன மாதிரி காலை 6.15-க்கு இறங்கி நின்றேன். முதல் இரண்டு நாள் வண்டி வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. நீங்கள் சொன்னது அப்படியே சரி, எங்கள் வாட்ச்மேன் டிரம்மை வெளியே வைத்தது 7.45-க்கு. வண்டியில் வந்தவர் என்னைவிடச் சின்னவர், இரண்டு பிள்ளைகள், கண்ணகி நகரிலிருந்து வருகிறார். நான் ஏதோ சண்டைக்கு நிற்கிறேன் என்று முதலில் ஒதுங்கினார். என்ன வேண்டும் உங்களுக்கு என்று கேட்டபோது அவர் சொன்னது: "அக்கா, டயப்பரையும் நாப்கினையும் தனியாச் சுத்திக் குடுத்தாப் போதும்க்கா. மத்ததை நான் பாத்துக்கறேன்." இத்தனை மாதத்தில் அவரிடம் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று மாலை கூட்டத்தில் வீடியோவைப் பற்றிப் பேசவே இல்லை. டியூப்லைட் கிழித்த கையைப் பற்றி ஐயா எழுதியதை அப்படியே வாசித்தேன். படித்து முடித்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. வீடியோ எடுத்த முதல் மாடிக்காரர் மறுநாள் சிவப்பு மையால் குறி போட்ட பழைய செய்தித்தாள் உறைகள் ஐம்பது செய்து கொண்டுவந்து படிக்கட்டுப் பக்கம் மாட்டினார். நாப்கினுக்கும் டயப்பருக்கும் இப்போது அவைதான்.

நாலு தொட்டிக்குச் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டுக்குத்தான் பணம் கிடைத்தது. கட்டி 26 நாள் ஆகிறது. 24 வீடுகள் போடுகின்றன. நாற்றம் இல்லை. கம்பி சுட்டது. எனக்கு நம்பவே முடியவில்லை, மகனைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். பதம் பார்க்கும் வேலையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் லிஃப்டில் இறங்கி வந்து ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கை சருகு போடு" என்கிறார். பால் கவர் கொடி திரும்பவும் ஆடுகிறது. பக்கத்து இரண்டு கட்டடங்களோடு சேர்ந்து பேப்பர் கடை வண்டிக்குச் சொல்லியிருக்கிறோம், முதல் லோடு வருகிற ஞாயிறு.

மீதி 12 வீடுகள் இன்னும் கலந்துதான் கொடுக்கின்றன. அதில் நாலு வாடகை வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் ராத்திரி 10 மணிக்குத்தான் வாளியை எடுத்துக்கொண்டு இறங்க முடியும், அந்நேரம் தொட்டிப் பக்கம் வெளிச்சம் இல்லை. விளக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதைக்கு என் கவலை இலை. நான் தொடங்கியது பங்குனி போனபிறகு. 19 மூட்டைதான் சேர்ந்திருக்கிறது, ஐப்பசி வருகிறது. மடிப்பாக்கம், நங்கநல்லூர், கீழ்க்கட்டளை பக்கம் யாரிடமாவது காய்ந்த இலை மூட்டையாக இருந்தால் இங்கேயே எழுதுங்கள். சாக்கு நான் கொண்டுவருகிறேன், நானே வந்து கட்டி எடுத்துப் போகிறேன்.